கையில் 1,20,000 ரூபாய்: அப்பாவின் கண்ணுக்கா, காதுக்கா?

அப்பாவுக்கு 73 வயது. குமாரபாளையத்தில் 34 ஆண்டுகள் விசைத்தறி ஓட்டியவர். இரண்டு கண்ணிலும் புரை, இரண்டு காதும் மந்தம், போதாததற்குச் சர்க்கரை. அவருடைய வைத்தியத்துக்கென்று அக்காவும் நானும் ஒதுக்கி வைத்திருந்த தொகை 1,20,000 ரூபாய். ஒரு தனியார் கண் மருத்துவமனை எழுதிக் கொடுத்த சீட்டில் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 1,40,000 என்றிருந்தது. காது மிஷின் கடையில் ஒரு ஜோடிக்கு 1,80,000 சொன்னார்கள். இரண்டையும் பார்த்த அக்கா, “கண்ணுக்கு மட்டும் உயர்ந்த லென்ஸாக வைத்து முடித்துவிடுவோம். காது, வயதானால் எல்லோருக்கும் அப்படித்தான்” என்றாள்.

பல வீடுகளில் பேச்சு இந்த இடத்தில் முடிந்துவிடும். எங்கள் வீட்டிலும் முடிந்திருக்கும். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அப்பாவின் காதில் இது எதுவும் விழவில்லை. அவரிடம் யாரும் உரக்கச் சொல்லவும் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. நான்கு மாதம் அலைந்து, இரண்டு முறை ஏமாந்து, கடைசியில் அக்கா சொன்னதற்கு நேர் எதிரான முடிவுக்கு வந்தேன்: கண்ணில் மிச்சம் பிடிக்கலாம், காதில் பிடிக்கக் கூடாது.

கோளாறு எங்கே இருக்கிறது?

விலையை ஒப்பிடுவதற்கு முன்பே நாங்கள் ஒரு தவறு செய்தோம். காது கேட்கவில்லை என்றதும் நேராக மிஷின் கடைக்குப் போனோம். போகவேண்டிய இடம் காது மூக்கு தொண்டை மருத்துவர். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு காதிலும் குறும்பி கல்லாக இறுகியிருப்பதைக் காட்டினார். சொட்டு மருந்தில் ஊறவைத்து, நான்கு நாள் கழித்து உறிஞ்சி எடுத்தார். செலவு சில நூறு ரூபாய். அன்று மாலை தொலைக்காட்சியின் ஒலியை அப்பா தானாகவே கொஞ்சம் குறைத்தார். குறும்பி எடுக்காமல் செய்த சோதனையை நம்பி மிஷின் வாங்கியிருந்தால், உண்மையில் இல்லாத மந்தத்துக்கு ஏற்ற ஒரு கருவியை மாட்டியிருப்போம்.

காது மந்தம் மூன்று இடங்களிலிருந்து வரும். வெளிக்காதுக் குழாயில் குறும்பியோ வேறு அடைப்போ இருக்கலாம். நடுக்காதில் செவிப்பறை ஓட்டை, சீழ், அங்கவடி எலும்பு இறுகிப்போவது போன்றவை இருக்கலாம். இந்த இரண்டிலும் ஒலி உள்ளே போய்ச் சேர்வதில்தான் தடை. மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ பெரும்பாலும் சரிசெய்யப் பார்க்கலாம். மூன்றாவது உட்காது. அங்கே நத்தைக் கூடு போன்ற உறுப்புக்குள் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. முதுமை, தொடர் இரைச்சல், காசநோய்க்கு முன்பு பரவலாகப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின், வேறு தொற்றுகளுக்குப் போடும் ஜென்டாமைசின் போன்ற ஊசிகள் எல்லாம் அடிப்பது இந்த இடத்தைத்தான். இதற்கு மாத்திரை கிடையாது. நரம்புக்கு ஊட்டம் என்று விற்கும் பாட்டில்களை நாங்களும் ஒன்று வாங்கினோம். இன்னும் அலமாரியில் இருக்கிறது.

அப்பாவின் காதைக் கெடுத்தது தறி. ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வேலை என்றால் 85 டெசிபலுக்கு மேல் இரைச்சல் இருக்கக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. நாடாத் தறிகள் வரிசையாக ஓடும் பட்டறைக்குள் பக்கத்தில் நிற்பவரின் காதுக்குள் வாய்வைத்துக் கத்தினால்தான் பேச்சு புரியும். அளவு மீறிவிட்டது என்று அறிய மீட்டர் வேண்டியதில்லை. கேள்திறன் சோதனையின் வரைபடமான ஆடியோகிராமில் அவருடைய கோடு தாழ்ந்த சுருதிகளில் ஓரளவு மேலே ஓடி, 4000 ஹெர்ட்ஸ் அருகே கிணறாக இறங்கியது. இரைச்சலால் கெட்ட காதின் கையொப்பம் அந்தப் பள்ளம்.

அப்பாவின் வினோதப் புகாருக்கும் அதில் விடை இருந்தது. “கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறீர்கள் என்று தெரியவில்லை” என்பார். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. ச, த, க, ப போன்ற மெய்கள் பலவற்றைப் பிரித்துக் காட்டும் நுட்பம் உயர்ந்த சுருதியில் இருக்கிறது. தட்டு எடுத்துவரச் சொன்னால் எந்தக் கட்டு என்று கேட்பார். ஆண்களின் பேச்சு பிடிபடும். என் மகளின் கீச்சுக் குரல் பிடிபடாது. ‘தனக்கு வேண்டியது மட்டும் கேட்கும்’ என்று அம்மா அவரைக் குத்திக்காட்டிய பத்து ஆண்டுகளுக்கு இந்த ஒரு காகிதம் மன்னிப்புக் கேட்கவேண்டியிருந்தது.

கண்ணிலும் இப்படித்தான். ‘கண்ணில் சதை வளர்ந்துவிட்டது’ என்று எங்கள் ஊரில் புரையையும் சொல்வார்கள், வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் படரும் சதையையும் சொல்வார்கள். இரண்டும் வேறு. புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே மங்கிப்போவது. முதுமைதான் முதல் காரணம். சர்க்கரை, புகை, வெயில், ஸ்டீராய்டு மருந்து, கண்ணில் பட்ட அடி ஆகியவை அதை முன்கூட்டியே கொண்டுவரும். தறியிலிருந்து தெறித்த நாடா கண்ணில் பட்டு 30 வயதிலேயே புரை வந்தவர் எங்கள் தெருவில் இருக்கிறார். 40 வயதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போதும். புரைக்கு ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பும். கண்நீர் அழுத்த நோயில் (க்ளாக்கோமா) போன பார்வை போனதுதான். மிச்சத்தைச் சொட்டு மருந்தாலோ லேசராலோ அறுவையாலோ காப்பாற்றலாம், அவ்வளவே. ஓரப் பார்வையிலிருந்து சத்தமில்லாமல் தின்றுகொண்டு வருவதால் வெகுநாள் தெரியவே தெரியாது. சர்க்கரையால் விழித்திரை கெடுவதும் தொடக்கத்தில் தெரியாது. அதனால் புரைக்குத் தேதி குறிக்கும் முன் கண்ணழுத்தம் பார்த்தார்களா, பாவையை விரிக்கும் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விடும் ஸ்டீராய்டு சொட்டு, கண்ணழுத்தம், புரை இரண்டையுமே கொண்டுவரும்.

எது முதலில்?

காதை முதலில் பார்த்துவிடலாம் என்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. புரை ஆபரேஷன் பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து நடக்கிறது. முகத்தின் மேல் துணி மூடியிருக்கும். ‘வெளிச்சத்தைப் பாருங்கள்’, ‘அசையாதீர்கள்’ என்று மருத்துவர் சொல்வது நோயாளிக்குக் கேட்க வேண்டும். காது மந்தமானவரை அப்படியே மேஜையில் படுக்கவைத்தால் இருவருக்கும் திண்டாட்டம். எங்களுக்குக் கிடைத்த மருத்துவர் முந்தைய நாளே அப்பாவை உட்காரவைத்து, கையை ஒரு முறை அழுத்தினால் அசையக் கூடாது, இரண்டு முறை அழுத்தினால் கீழே பார்க்க வேண்டும் என்று பழக்கினார். ஒரு செவிலியர் கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இதற்குப் பணம் எதுவும் ஆகவில்லை, முன்கூட்டிச் சொன்னோம் என்பதைத் தவிர.

ஆனாலும் கண்ணைத்தான் முதலில் செய்தோம். காது மந்தமானவர்கள் தங்களை அறியாமலே உதட்டைப் படிக்கிறார்கள். பட்டறையில் 34 ஆண்டுகள் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகிய அப்பா அதில் தேர்ந்தவர். புரை அந்த உதவியையும் பிடுங்கிக்கொண்டது. கடைசி இரண்டு ஆண்டுகளில் அவருடைய காது திடீரென்று மோசமானதாக நாங்கள் நினைத்ததில் பாதி, கண் செய்த வேலை. அதோடு, காது மிஷினைக் கையாளக் கண் வேண்டும். பொட்டு அளவுள்ள பேட்டரியைத் தலைகீழாகப் போட்டால் வேலைசெய்யாது. பார்வை மங்கியவருக்கு வாங்கிக் கொடுத்த மிஷின் இரண்டு வாரத்தில் டப்பாவுக்குள் போய்விடும். பெரியப்பாவின் மிஷின் அப்படித்தான் பீரோவில் தூங்குகிறது.

லென்ஸ்: எதற்காக அதிகம் கொடுக்கிறோம்?

ஆபரேஷன் இரண்டு வகை. ‘லேசர்’ என்று பலர் சொல்லும் ஃபேக்கோ உண்மையில் மீயொலி அதிர்வு; 3 மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியாகப் புரையைத் தூளாக்கி உறிஞ்சிவிட்டு, மடிக்கக்கூடிய லென்ஸை உள்ளே வைப்பார்கள். மற்றது சிறு துளை அறுவை. துளை 6, 7 மில்லிமீட்டர், பெரும்பாலும் அதற்கும் தையல் கிடையாது. முகாம்களில் செய்வது பெரும்பாலும் இதுதான். முற்றிப் பழுப்பேறி இறுகிய புரைக்கு இது இன்றும் நல்ல வழி. சீக்கிரம் எழுந்து நடமாடவும், துளையால் கருவிழியின் வளைவு மாறி வரும் சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) குறையவும் ஃபேக்கோ மேல். சில மாதம் கழித்து, கண்ணாடியும் போட்ட பிறகு, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. முகாம் ஆபரேஷன் என்று யாராவது முகம் சுளித்தால் எனக்குக் கோபம் வரும்.

விலை ஏறுவது லென்ஸில். ஒற்றைக் குவிய லென்ஸ் ஒரு தூரத்தைத் தெளிவாகக் காட்டும். பெரும்பாலும் தூரப் பார்வைக்கு வைப்பார்கள், படிக்கக் கண்ணாடி வேண்டும். பன்முகக் குவிய லென்ஸ் தூரம், கிட்டம் இரண்டையும் காட்டும் என்று விற்கிறார்கள். காட்டும்தான், ஆனால் உள்ளே வரும் ஒளியைப் பங்குபோட்டுத்தான் காட்டுகிறது. இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், மங்கலான வெளிச்சத்தில் வேறுபாடுகள் குறைந்து தெரியலாம். விழித்திரையோ பார்வை நரம்போ ஏற்கெனவே பழுதானவருக்கு அந்த இழப்பு கூடுதல் சுமை. அப்பாவுக்குச் சர்க்கரை, விழித்திரையில் தொடக்க நிலைக் கசிவுகள் இருந்தன. 1,40,000 ரூபாய்ச் சீட்டைக் கொடுத்த இடத்தில் இதை யாரும் சொல்லவில்லை. லென்ஸைத் தேர்வுசெய்தது மருத்துவரே அல்ல. பளபளப்பான அட்டையை விரித்து வைத்துப் பேசிய ஆலோசகர். பிறகு நாங்கள் போன அறக்கட்டளை மருத்துவமனையில், கேட்பதற்கு முன்பே, “இவருக்கு அது வேண்டாம்” என்றார்கள்.

ஒற்றைக் குவிய லென்ஸ் மலிவாக இருப்பதற்குக் காரணம் தரக்குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை. 1949 இல் ஹரோல்ட் ரிட்லி லண்டனில் முதன்முதலாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார். போரில் விமானிகளின் கண்ணில் தெறித்துத் தங்கிய அக்ரிலிக் சில்லுகளைக் கண் வெறுத்து ஒதுக்கவில்லை என்பதைக் கவனித்ததுதான் அவருக்குத் துப்பு. வெகுகாலம் அது வசதி படைத்தவர்களுக்கான பொருளாகவே இருந்தது. 1976 இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி; முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகு கண் அறுவையைக் கற்றுக்கொண்ட மனிதர். அந்த மருத்துவமனையின் ஆரோலேப் 1992 இல் தொடங்கி லென்ஸை இங்கேயே செய்தபோது, இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்கு அது கிடைத்தது. இன்று நமக்கு மலிவாகக் கிடைப்பது அப்படி வந்த மலிவு.

இரண்டு கண்ணுக்கும் ஃபேக்கோ, இந்திய மடிப்பு லென்ஸ், ஒரு கண்ணுக்கு 14,000 ரூபாய். ஒரு மாத இடைவெளியில் முடிந்தது. மொத்தம் 28,000. இலவசமாகவும் செய்திருக்கலாம், அரசு மருத்துவமனையிலும் முகாமிலும் செய்கிறார்கள். முறை வரும்வரை காத்திருக்க அக்காவுக்கு மனமில்லை, அவ்வளவுதான். கருவிழியில் சிதறல் அதிகமுள்ளவர் என்றால் அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. அது ஒரு குறையைத் தீர்க்கிறது. 55 வயதில் விழித்திரை சுத்தமாக இருந்து, கண்ணாடியே ஆகாது என்கிற ஆசிரியர் ஒருவர் பன்முக லென்ஸ் வைத்துக்கொண்டால் அதையும் வீண் என்று சொல்லமாட்டேன். வீட்டிலும் திண்ணையிலும் கழியும் 73 வயதுக்கு, படிக்கக் கண்ணாடி ஒரு கயிற்றில் கழுத்தில் தொங்குவது பெரிய அவமானமில்லை.

காதில் ஏன் கஞ்சத்தனம் கூடாது?

லென்ஸை வைத்துச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிடலாம். அது தன்பாட்டுக்கு வேலைசெய்யும். காது மிஷின் அப்படியில்லை. அதை ஆளுக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும், திருத்த வேண்டும், மாட்டிக்கொள்பவர் பழக வேண்டும். கொடுக்கும் காசில் பாதி, பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்கு. மீதி, பக்கத்தில் உட்கார்ந்து அமைத்துத் தருகிறவருக்கு என்று எடுத்துக்கொண்டால்தான் கணக்கு புரியும்.

நாங்கள் முதலில் ஏமாந்தது இணையத்தில் 1,500 ரூபாய்க்கு வாங்கிய பெருக்கியில். அது எல்லா ஒலியையும் ஒரே மாதிரி ஊதிப் பெரிதாக்கும். அப்பாவுக்குக் குறைந்திருப்பது உயர்ந்த சுருதி மட்டும். சமையலறையில் சட்டி விழுந்தால் காதைப் பொத்திக்கொண்டார், பேச்சு பழையபடி புரியவில்லை. மூன்றாம் நாள் கழற்றிவிட்டார்.

சட்டைப் பையில் வைக்கும் வயர் மிஷின் மலிவு, திருகு பெரிது, நடுங்கும் விரலுக்கு உகந்தது; துணி உரசும் சத்தம்தான் தொல்லை. காதுக்குள்ளேயே மறையும் வகையைக் கடைக்காரர் விரும்பி விற்றார். ‘வெளியே தெரியாது’ என்பதே அதன் முழுப் பெருமை. பேட்டரி மிகச் சிறிது, குறும்பி உடனே அடைக்கும், 73 வயது விரலுக்கு அது எறும்பைப் பிடிக்கிற வேலை. காதுக்குப் பின்னால் மாட்டி, அச்செடுத்த அடைப்பானோடு வருவது உழைக்கும், சக்தி அதிகம், கடுமையான மந்தத்துக்கு அதுவே சரி. ஆனால் அப்பாவுக்குத் தாழ்ந்த சுருதி ஓரளவு நன்றாகக் கேட்கிறது. அவருடைய குழாயை முழுக்க அடைத்தால் தன் குரலே பானைக்குள் தலைவிட்டுப் பேசுவதுபோல் முழங்கும். அதனால் காதுக்குப் பின்னால் சின்ன உடலும், மெல்லிய கம்பி முனையில் ஒலி தரும் பகுதி மட்டும் குழாய்க்குள் ஓட்டையுள்ள ரப்பர் குமிழோடு இருப்பதுமான வகையைத் தேர்ந்தோம். கண்ணாடிக் கம்பிக்கும் மிஷினுக்கும் காதின் பின்னால் இடப்போட்டி வரும். தூரப் பார்வைக்கு லென்ஸ் வைத்ததில் நாள் முழுக்கக் கண்ணாடி வேண்டியிராதது இங்கே உதவியது.

ஒன்றா, இரண்டா? 90,000 ரூபாய்க்கு ஒரே காதுக்கு உயர்ந்த ரகம் வாங்குவதைவிட, 72,000 ரூபாய்க்கு இரண்டு காதுக்கும் நடுத்தர ரகம் வாங்கினோம். ஓசை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அறியவும், பலர் பேசும் இடத்தில் ஒரு குரலைப் பிரித்தெடுக்கவும் இரண்டு காதும் வேண்டும். ‘16 சேனல், 24 சேனல்’ என்று கடையில் அடுக்கும் எண்களை நான் அதிகம் பொருட்படுத்தவில்லை. கேட்டது மூன்று: வாங்கும் முன் சில நாள் மாட்டிப் பார்க்க விடுவீர்களா? காதுக்குள் மெல்லிய குழாய் ஒலிவாங்கி வைத்து, செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளந்து அமைப்பீர்களா? திருத்த எத்தனை முறை வரலாம்? முதல் கடையில் மூன்றாவது கேள்விக்கு மட்டுமே பதில் வந்தது. ஈரோட்டில், ஒரு பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், மூன்றுக்கும் சரி என்ற கேள்திறன் நிபுணரிடம் வாங்கினோம்.

அரசு உதவி கிடைக்குமா என்றும் பார்த்தோம். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாகக் கருவிகள் தருகிறார்கள். ஆனால் 2016 சட்டப்படி ‘கேட்பதில் சிரமமுள்ளவர்’ என்பதற்கு இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு வேண்டும். அப்பாவுக்கு வலது 58, இடது 55. தறி இன்னும் கொஞ்சம் இரைந்திருக்க வேண்டும் போலும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியவர் என்றால் 2017 இல் வந்த ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தின் முகாம்களை விசாரிக்கலாம். கண்ணாடி, காது மிஷின் இரண்டும் அதில் உண்டு.

‘வயதானால் அப்படித்தான்’ என்ற அக்காவுக்கு நான் காட்டியது வேறொன்று. மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, மாற்றக்கூடிய ஆபத்துக் காரணிகளாக 2020 இல் பட்டியலிட்ட 12 இல் கேள்திறன் இழப்பும் ஒன்று. 2024 இல் பட்டியல் 14 ஆனபோது, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறையும் அதில் சேர்ந்தது. மிஷின் மாட்டினால் மறதி வராது என்று இதற்குப் பொருளில்லை. பேச்சிலிருந்து ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் ஆளை ‘வயது’ என்று தள்ளிவிடக் கூடாது என்ற அளவுக்குப் போதும்.

இந்தக் கணக்கு மாறும் இடங்கள் உண்டு. ஒரே நாளில் ஒரு காது சட்டென்று அடைத்துப்போனால் எதையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள், தொடக்க நாட்களில் மருந்து கொடுத்தால்தான் மீட்க வாய்ப்பு. சீழ் வடியும் காதுக்கு முதலில் வைத்தியம், பிறகுதான் மிஷின். மிஷினாலும் பேச்சு புரியாத அளவுக்கு இழப்பு இருந்தால், உட்காதில் மின்முனை பொருத்தும் காக்ளியர் சிகிச்சை பற்றிக் கேட்க வேண்டும். அது வேறு செலவு, வேறு கட்டுரை.

முதல் இரண்டு வாரம் அப்பா சண்டை போட்டார். மின்விசிறி இரைகிறது, செருப்பு சரசரக்கிறது, எவர்சில்வர் டம்ளர் இடிக்கிறது என்று. எல்லாம் முன்பும் இருந்த சத்தங்கள்தான். அவருடைய மூளை மறந்துபோனவை. காலையில் இரண்டு மணி நேரம், பேச்சு குறைந்த அறையில் என்று தொடங்கி, ஒரு மாதத்தில் நாள் முழுக்கப் போடப் பழகினார். நிபுணரிடம் நான்கு முறை போய்த் திருத்தினோம். கண் 28,000, காது 72,000 போக மிஞ்சிய 20,000 ரூபாய் பேட்டரிக்கும், குறும்பி வடிகட்டிக்கும், ஈரம் உறிஞ்சும் டப்பாவுக்கும், படிக்கும் கண்ணாடிக்கும் கரைந்துகொண்டிருக்கிறது.

மூன்றாம் மாதம் வலது மிஷின் திடீரென்று ஊமையானது. நான் ஈரோட்டுக்குப் போக பையை எடுத்தேன். அப்பா ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டி, குமிழைக் கழற்றி, கடுகளவு வடிகட்டியை ஊசி முனையால் எடுத்துப் புதியதைச் செருகினார். அறுந்த நூலைத் தறியில் இழுத்துக் கட்டுகிற அதே விரல் பக்குவம். மாட்டிக்கொண்டு, சமையலறைப் பக்கம் திரும்பி, “இப்போது சொல், என்ன முணுமுணுத்தாய்?” என்று அம்மாவைக் கேட்டார்.